ஒரு நாள் முழுக்க, ஒரு சொட்டு விடாமல்

மார்ச் 4, செவ்வாய்

நர்ஸ் கொடுத்த தாளில் கட்டங்கள் ரொம்பச் சின்னவை. குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று இரண்டே வரிசை. என் கோழிக் கிறுக்கலுக்கு அதில் எங்கே இடம்? மகளின் பழைய நோட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

குடித்தது: காலையில் ஒரு டீ, மதியம் அரை பாட்டில் தண்ணீர், மாலை ஒரு டீ. போனது: இரண்டு தடவை.

இதைப் பார்த்தால் நர்ஸ் திட்டுவார். திட்டட்டும். டவர் கிரேன் ஓட்டுகிற எவனும் வேலை நேரத்தில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க மாட்டான். கேபினுக்கு எழுபது மீட்டர் ஏணி, ஏறவே இருபத்தைந்து நிமிடம். ஒன்றுக்குப் போக இறங்கி ஏறினால் கீழே இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் சீட்டுக்குப் பின்னால் வாயகன்ற ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று உண்டு. வேலை முடிந்து இறங்கும்போது அதைப் பையில் கொண்டுவந்து, கீழே கழிப்பறையில் ஊற்றிக் கழுவி வைத்துவிடுவேன். பதினாறு வருடமாக இதே கதைதான்.

எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்றால், அக்காவுக்கு ஒரு கிட்னி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போது என்னவோ பேனா இரவல் கொடுக்கிற மாதிரி சுலபமாகத் தெரிகிறது.

மார்ச் 5, புதன்

இன்று அக்காவை டயாலிசிஸுக்கு நான் கூட்டிப்போனேன். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். உடம்பு முடியாமல் போய் ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தாலும் வாய் மட்டும் லீவு போடவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க எனக்குப் பாடம் எடுத்தாள்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அம்மாவிடம், கிட்னி என்பது இங்கேதானே என்று தொப்புளுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் கேட்டேன். என்னை அப்படியே திருப்பி நிறுத்தி, முதுகில் கடைசி விலா எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலால் குத்திக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவுதானாம். நாற்பத்தொரு வயதில் எனக்குக் கிட்னி முதுகுப் பக்கம் என்று தெரிகிறது. கொடுக்கப் போகிற பொருள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

மகளின் அறிவியல் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாளில் இரண்டு கிட்னியும் சேர்ந்து ரத்தத்திலிருந்து வடிகட்டுவது நூற்றெண்பது லிட்டர். அதாவது, வீட்டுக்கு வருகிற தண்ணீர்க் கேன் ஒன்பது. ஆனால் வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மீதி எங்கே? புத்தகத்தை இரண்டு தடவை படித்த பிறகுதான் பிடிபட்டது. எல்லாம் திரும்பவும் உள்ளேயே போகிறது.

ஒவ்வொரு கிட்னியிலும் பத்து லட்சம் வடிகட்டிகள். நெஃப்ரான் என்று பெயர். முதலில் ஒரு குட்டி ரத்தக்குழாய் முடிச்சு, அதில் தண்ணீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம் ஒட்டுமொத்தமாக வெளியே வரும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் உள்ளே தங்கும். பிறகு ஒரு நீளக் குழாய். போகிற வழியிலேயே வேண்டிய சர்க்கரை, வேண்டிய உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அது திரும்ப வாங்கிக்கொள்ளும். வேண்டாதது மட்டும் கடைசியில் மிஞ்சும். இவள், அதாவது என் மனைவி, அலமாரியைச் சுத்தம் செய்வதும் இப்படித்தான். முழுக்க வெளியே கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே வைப்பாள்.

சாப்பிடும்போது இதை இவளிடம் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்றாள்.

மார்ச் 10, திங்கள்

கேபினில் இன்று ஒரு பரிசோதனை. பாட்டிலில் மார்க்கரால் நூறு நூறு மில்லிக்குக் கோடு போட்டு வைத்தேன். லேசாக ஒரு நினைப்பு வந்ததும் போனால், இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து போனால் நானூற்று ஐம்பது. சிறுநீர்ப்பை விரியும்போது அதன் சுவர் மூளைக்குச் செய்தி அனுப்புகிறதாம். வாசலில் இரண்டு பூட்டு: உள்ளே இருப்பது நம் பேச்சைக் கேட்காது, வெளியே இருப்பது கேட்கும். அந்த வெளிப்பூட்டை வைத்துத்தான் நான் பதினாறு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. கிட்னியிலிருந்து பைக்கு வருகிற குழாயில் தண்ணீர் சும்மா வழிந்து இறங்குவதில்லை. குழாயே பிசைந்து பிசைந்து தள்ளுகிறது, நிமிடத்துக்குச் சில தடவை. தலைகீழாகத் தொங்கினாலும் வேலை நடக்குமாம். மேலே உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருந்ததில், சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் மூன்று தடவை கூப்பிட்டது காதில் விழவில்லை. தூங்குகிறாயா என்று கேட்டார். என் கிட்னியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பார், சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

அக்காவின் கையில் டயாலிசிஸுக்காகச் சேர்த்து வைத்த ரத்தக்குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் குழாய். டெக்னீஷியன் அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "ரெண்டு கையிலயும் வச்சுப் பார்த்தாச்சு. இனிமே குத்த இடம் தேடணும். முடிஞ்சா சீக்கிரம் பண்ணிடுங்க."

அக்காவுக்கு ஒரு வருடமாகச் சிறுநீர் வருவதே இல்லை. குடிக்கிற ஒவ்வொரு வாய்த் தண்ணீரும் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கும். முகம் வெளுத்துப் போயிருப்பதும் கிட்னியால்தானாம். ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்குள் ஆள் அனுப்புவதே கிட்னிதான் என்றார். இது வேறு இத்தனை வேலை பார்க்கிறதா? ஒன்றுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

நர்ஸ் ஒரு மூன்று லிட்டர் கேன் கொடுத்தார். ஒரு நாள் முழுக்க வருவதை அதில் பிடிக்க வேண்டும். காலையில் முதலில் வருவதை விட்டுவிட வேண்டும், அது முந்தின நாள் சரக்கு. அதன் பிறகு மறுநாள் காலை முதலில் வருவது வரை எல்லாம் கேனுக்கு. ஒரு தடவை தவறினாலும் கணக்குப் போச்சு. வீட்டில் இருக்கிற நாளில் பிடியுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு

லீவு நாள்தான். ஆனால் கான்கிரீட் போடுகிற நாளில் கிரேன்காரனுக்கு ஏது லீவு? இன்னொரு வாரம் தள்ளிப்போட மனசில்லை. கேனையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

5.40: முதலில் வந்தது, விட்டாச்சு.

6.50: கேனில்.

7.30: ஏறினேன். கேன் கீழே முதலுதவி அறை ஃப்ரிட்ஜில். யாராவது ஜூஸ் என்று எடுத்துவிடப் போகிறார்களே என்று "தொடாதே" என்று தாள் ஒட்டினேன். மதியச் சாப்பாடு மேலேயே. பாட்டிலில் மூன்று தடவை, முக்காலுக்கு வந்துவிட்டது.

நாலரைக்குக் காற்று எச்சரிக்கை அலறியது, கடைசி பக்கெட் கொக்கியில் தொங்கும்போது. அதை ஆடாமல் இறக்கி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 5.20க்குக் கீழே வந்து சேர்ந்தேன். வழக்கம்போல் எல்லாம் ஊற்றிக் கழுவி வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

7.15, 10.00: கேனில். நாளைக் காலை ஒன்று, அதோடு சரி.

மார்ச் 20, வியாழன்

ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் நல்லவர்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிட்னியின் வடிகட்டும் வேகம் அறுபத்தாறாம். ஒன்றை எடுத்துக்கொடுக்க வேண்டுமானால் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் நன்றாக இருக்கிறதே, இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்றார். ஒரு தடவைகூட விடாமல் பிடித்தீர்களா என்று கேட்டார். பிடித்தேன் என்றேன். மறுபடியும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "பதினாறு வருஷமா ஒரு விரக்கடை தப்பாம பாரம் இறக்கறவன் சார் நான். ஒரு கேனைப் பிடிக்கத் தெரியாதா?"

அப்படியென்றால் கிட்னிக்குள் ஏதோ ஒளிந்திருக்கலாம், ஆறு மாதம் போகட்டும், பிறகு முதலிலிருந்து பார்க்கலாம் என்றார். ஆறு மாதம். அக்கா கழுத்தில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 21, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். சரி விடு, உன் உடம்பை முதலில் பார் என்றாள். என் தோளைத் தட்டினாள். நான் அவளைத் தேற்றப் போய், அவள் என்னைத் தேற்றி அனுப்பினாள்.

இவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள், எட்டு மணி நேரம் நின்றே வேலை, வந்ததும் படுப்பாள். இன்று பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குமே உள்ளுக்குள் ஏதோ ஒன்றை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது. இதை இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் சொல்ல முடியாது.

மார்ச் 24, திங்கள்

விட முடியவில்லை. என் கிட்னிக்கு என்ன கேடு? எப்படிக் கண்டுபிடித்தார்கள் அந்த அறுபத்தாறை?

டெக்னீஷியன் அம்மாவைப் பிடித்தேன். தசை வேலை செய்யும்போது கிரியாட்டினின் என்று ஒரு கழிவு வருமாம். கிட்னி அதை ரத்தத்திலிருந்து எடுத்து வெளியே தள்ளும். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது, ஒரு நாள் சிறுநீரில் எவ்வளவு வந்திருக்கிறது, இரண்டையும் வைத்து வேகத்தைக் கணக்குப் போடுகிறார்கள். அப்போது ஒரு வார்த்தை சொன்னார். அந்தக் கழிவு ஒருவருக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும், தண்ணீர் அதிகம் குடித்தாலும் குறைத்தாலும் அது பெரிதாக மாறாது, ஆம்பளைக்கு ஒரு கிலோ எடைக்கு இருபது மில்லிகிராமாவது இருக்கும் என்று. அதற்குள் அடுத்த மெஷின் கூவியது, போய்விட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

என் எடை அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு இருபது, ஆயிரத்து முன்னூற்று அறுபது.

ரிப்போர்ட்டில் எண்ணூற்று அறுபது.

ஐந்நூறு எங்கே? கிட்னி தள்ளாமல் வைத்துக்கொண்டிருந்தால் அது ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். ரத்தம் சுத்தமாக இருக்கிறது. உடம்பில் இல்லை, கேனிலும் இல்லை. அப்புறம் எங்கே போகும்?

நோட்டைப் பின்னால் திருப்பினேன். 16ஆம் தேதி. "வழக்கம்போல் எல்லாம் ஊற்றிக் கழுவி வைத்துவிட்டு." பாவி, என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். பாட்டிலைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டேன். காலையிலிருந்து மாலைவரை பிடித்த முக்கால் லிட்டர். பதினாறு வருடமாக மாலையில் கை தானாகச் செய்கிற வேலை, அன்றும் தானாகச் செய்துவிட்டது. ஒரு விரக்கடை தப்பாதவனாம் நான்!

கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 26, புதன்

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் ஆகாது என்று எழுதிவிட்டார். அக்கா சரி என்றுவிட்டாள். இவள் தூங்குகிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. பாவம், கொடுக்கத்தான் நினைத்தான், உடம்பு இடம் கொடுக்கவில்லை என்பார்கள்.

பயமாக இருக்கிறது. வயிற்றைக் கிழிப்பதுகூட இல்லை. மறுபடி ஏணி ஏற முடியுமா? ஏற முடியாத கிரேன்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? மிச்சமிருக்கிற ஒற்றைக் கிட்னிக்கு ஒன்று ஆனால் எனக்கு யார் கொடுப்பார்கள்? மகளா? சீச்சீ.

மார்ச் 27, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

டயாலிசிஸ் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் அக்காவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. குளிர், நடுக்கம், பல் கிட்டிப் போனது. கழுத்துக் குழாயில் கிருமி ஏறிவிட்டதாம். மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுக்கத்துக்கு நடுவே என்னைப் பார்த்து, நீ சாப்பிட்டியா என்று கேட்டாள்.

நான் மனுஷனா?

மார்ச் 30, ஞாயிறு

குழாயை எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது.

காலையில் இவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். 16ஐப் படித்தாள், 26ஐயும் படித்தாள். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள்:

"பத்து நாள் நிம்மதியா தூங்கினேன். சொல்லாம இருந்திருக்கலாமேங்க."

"இருந்து பார்த்தேன். முடியல."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மிச்சமிருக்கிற ஒன்று போதுமா, அதை முதலில் சொல்லுங்கள் என்றாள். படித்ததைச் சொன்னேன். ஒன்றை எடுத்தால் மற்றது கொஞ்சம் பெரிதாகி, வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும். இரண்டும் சேர்ந்து செய்ததில் முக்கால்வாசிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குத் தண்ணீர் மட்டும் நேரா நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்படியானால் இனிமேல் மேலே போகும்போது இரண்டு லிட்டர் கொண்டுபோக வேண்டும் என்றாள். சரி என்று அர்த்தம். இவள் சரி என்று சொல்லவே மாட்டாள், இப்படித்தான் சொல்வாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

டாக்டரிடம் போய் நின்றேன். தப்பு என்னுடையதுதான் சார் என்றேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். கணக்கைச் சொன்னதும் தாளை எடுத்து அவரும் போட்டுப் பார்த்தார். இதை நானே பார்த்திருக்க வேண்டும், நீங்கள் அடித்துப் பேசியதில் விட்டுவிட்டேன் என்றார். புதுக் கேன் கொடுத்தார்.

அங்கிருந்தே அக்கா வீட்டுக்குப் போனேன். அவளிடம் மறைக்க முடியாது. எத்தனை நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஏழு நாளா? நானா இருந்தா எழுபது நாள் இருந்திருப்பேன்டா."

அதற்குமேல் அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

லீவு. நாள் முழுக்க வீட்டில். இவள் கழிப்பறைக் கதவில் தாள் ஒட்டி, நான் போகும்போதெல்லாம் நேரம் எழுதினாள். ஏழாவது தடவை நான் எழுந்தபோது, கேன் கேன் என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன மரியாதை கிடைக்கும்?

ஏப்ரல் 10, வியாழன்

நூற்றாறு. மொத்தம் ஆயிரத்து முன்னூற்று எண்பது மில்லிகிராம். நான் போட்ட கணக்குக்கு இருபதுதான் வித்தியாசம்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்கேன், இதயம், ரத்தம் என்று ஊர்ப்பட்ட பரிசோதனை முடிந்தது. நாளைக் காலை. இடது கிட்னியை எடுக்கிறார்கள், அதற்குத்தான் ரத்தக்குழாய் நீளமாம். அக்காவின் பழைய கிட்னிகளை எடுக்க மாட்டார்களாம். என்னுடையதை முன்பக்கம், அடிவயிற்றில் வலது ஓரம் வைத்து, அங்கே கால் பக்கம் போகிற ரத்தக்குழாயில் இணைத்து, அதன் குழாயை அவள் சிறுநீர்ப்பையில் தைத்துவிடுவார்கள். ஆக, அக்காவுக்கு மூன்று, எனக்கு ஒன்று. சின்ன வயதிலிருந்து எல்லாப் பங்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

முதுகுப் பக்கம் இருந்தது முன்பக்கம் போனால் அதற்கு ஒன்றும் தோன்றாதா? ரத்தம் வந்தால் போதுமாம். மேல் கீழ் தெரியாதாம்.

பயம் போகவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

எழுத முடிகிறது. இருமினால் உயிர் போகிறது.

எனக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள், இன்று எடுத்தார்கள். வெறும் ஒற்றைக் கிட்னி செய்தது நேற்று ஒன்றரை லிட்டர். அதைத் தட்டிக் கொடுக்கலாம் என்றால் கை எட்டாது.

அக்காவின் கிட்னி தூங்குகிறதாம். சில சமயம் எடுத்து வைத்த கிட்னி விழிக்கச் சில நாள் ஆகும், பொறுங்கள் என்கிறார் டாக்டர். அவள் கட்டிலில் தொங்குகிற பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் ரத்தம் கலந்த தண்ணீர், அவ்வளவுதான். இவள் ஒவ்வொரு மணி நேரமும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இன்னும் இல்லை என்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

இன்னும் இல்லை. மறுபடி டயாலிசிஸ் செய்தார்கள். எடுத்து வைத்தது வீணா? என்னுடையதுதான் சரியில்லையோ?

ஜூன் 17, செவ்வாய்

அதிகாலை முப்பது மில்லி. ஏழு மணிக்கு எண்பது. பத்து மணிக்கு இருநூற்று இருபது. இவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடி வந்தாள். ஏற்கெனவே ஒரு கையில் இடமில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றிலிருந்து மறுபடி மேலே. இடையில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன், ஏணி முப்பத்தைந்து நிமிடம் ஆனது. குடித்தது: இரண்டு லிட்டர்.

பதினொரு மணிக்கு அக்கா போன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது, பாடம் நடக்கிற நேரம், என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன். பெட்ரோல் பங்கில் இருக்கிறாளாம். ஓட்டக் கற்றுக்கொள்கிற ஆளைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடி வந்திருக்கிறாள். வரிசையில் முன்னால் மூன்று பேர்.

"அடக்கவே முடியலடா," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லும்போதே குரல் உடைந்தது. பிறகு தன் முறை வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.